இருட்குடமும் தேன்வரைக் கயிறும்

மழை தவறாதிருக்க. கோல் கோணாதிருக்க. செம்புனல்நாட்டைத் தம் குடைக்கீழ்க் காக்கும் ஆழிமுத்துடையார் செங்கோமகளார் திருவாய் மொழிந்தபடி, தேன்வரைப் பாசறையிலிருந்து ஓலைநாயகம் கண்டன் அரையன் எழுதியது. புனல்மாநகரில் முதலமைச்சராய் வீற்றிருக்கும் நுண்மதிராயர் சாத்தன்பூதியார் காண்க. உமது மனையும் மக்களும், நாடெங்கும் பேர்பெற்ற உமது இருட்குடமும் நலமே என்று தேவியார் நம்புகிறார். இங்கே நலமில்லை.

பிறர் உயிரைக் கையில் வைத்துச் செய்யும் தொழில் எதுவாயினும், அதைச் செய்வோன் நெஞ்சில் தற்பெருமை, வஞ்சம், இரக்கமின்மை என்னும் இருள் எவ்வளவு என்று அளந்த பிறகே பணியில் வைக்க வேண்டும் என்று நீர் வகுத்தீர். எந்த மொழி பேசுவோர்க்கும் ஒரே கேள்விகள். இருண்ட விடை ஒவ்வொன்றுக்கும் குடத்தில் ஒரு கருங்கல். கேள்விகளை மலைமொழியில் பெயர்த்து, வேறொருவரைக் கொண்டு திரும்ப நம் மொழிக்கு மாற்றிப் பார்த்ததில் ஒரு சொல்லும் பிசகவில்லை என்று பெருமையோடு எழுதியிருந்தீர். மெய்தான். சொல் பிசகவில்லை.

இம்மலையில் தேன் எடுப்பவன் செங்குத்துப் பாறையில் கயிறு கட்டி இறங்குவான். மேலே கயிற்றைப் பிடிப்பவன் அவன் மனைவியின் உடன்பிறந்தவனாகவே இருக்க வேண்டும். தங்கை கைம்பெண்ணாவதை எந்த அண்ணனும் விரும்பமாட்டான் அல்லவா? அப்படித் தன் தங்கை வள்ளையின் கணவன் மாசிக்குக் கயிறு பிடித்து வந்தவன் கோடன்.

குடத்தோடு வந்த உம் அளவையர் கோடனை உட்காரவைத்து, உன்னை மிஞ்சியவர் உண்டா என்று கேட்டனர். இல்லை என்றான். விழுந்தது கல். கயிறு பிடிப்பவன் பாறை விளிம்பில் நின்று, என்னை மிஞ்ச ஆளில்லை, இறங்கு என்று உரக்கச் சொன்னால்தான் இங்கே ஒருவன் கீழே கால் வைப்பான். அதை அளவையர் அறியார், விசாரிக்கவும் இல்லை. ஒருவன் அலறினால் உன் மனம் இளகுமா என்றனர். இளகாது என்றான். தேனீ கொட்டி அலறுகிறவனுக்காக மேலிருப்பவன் இளகினால் பிடியும் இளகும் என்பது ஊரறிந்த செய்தி. உம் குடம் அறியவில்லை. கற்கள் கழுத்துமட்டும் நிறைந்தன. கோடனைச் சிறையில் தள்ளி, இனி எவர் உயிரும் அவன் கையில் சிக்காதிருக்க, வரும் அமாவாசையன்று அவன் வலக்கையை வெட்டும்படி உமது கட்டளை வந்தது.

அவன் இடத்துக்குக் கோட்டைக் காவலன் இளம்பூதனை அனுப்பினீர். பணிவானவன், பிறர் துன்பம் பொறாதவன், குடத்தில் ஒரு கல்லும் விழாதவன். மாசி இறங்க மறுத்தான். வேல் நீட்டி இறக்கினார்கள்.

தேவியாரின் பல்லக்கு மலையேறிய அன்று எதிரே வந்தது மாசியின் பாடை. வள்ளை காலில் விழவில்லை, கும்பிடவும் இல்லை. என்ன நடந்தது என்று தேவியார் கேட்க, அவள் நேருக்கு நேர் பார்த்துச் சொன்னாள்:

"ஒங்க ஆளு ரொம்ப நல்லவரு தாயே. எம் புருசனைத் தேனீ மொய்ச்சதும் தாங்கமாட்டாம அழுதாரு. ரெண்டு கையாலயும் மூஞ்சியப் பொத்திக்கிட்டு அழுதாரு."

தேவியார் பல்லக்கைச் சிறைக்குத் திருப்பச் சொன்னார்.

சிறைவாசலில் உம் அளவையர் மகிழ்ச்சியோடு ஒன்று சொன்னார்கள். மைத்துனன் செத்த சேதி கேட்டும் கோடன் கண்ணில் துளி நீர் இல்லையாம். கயிறு கிடைத்ததா என்று மட்டும் கேட்டானாம். இரக்கமின்மைக்கு இதனினும் சான்று வேண்டுமோ என்று இன்னொரு கல்லும் இட்டிருந்தார்கள். ஏன் கயிற்றைக் கேட்டாய் என்று தேவியார் வினவினார். அவன் தலை நிமிராமல் சொன்னான்:

"அறுந்திருந்தா கயித்து மேல குத்தம். அறாம இருந்தா கை மேல குத்தம். எதுன்னு தெரியாம நான் என்னத்தச் சொல்லி அழுவேன் தாயே?"

தேவியார் கயிற்றை வரவழைத்தார். கோடன் அதை முழுதும் விரலால் தடவிப் பார்த்தான். எங்கும் அறவில்லை. கீழே வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அதன்பின் நிகழ்ந்ததை அளக்க உம் அளவையர் எவரும் அங்கில்லை. தேவியார் அவர்களை வெளியே போகச் சொல்லியிருந்தார்.

ஆகவே ஆணை. கோடன் விடுதலை, அவன் கைக்கு அரசே காவல். குடத்தை உடைக்கத் தேவியார் சொல்லவில்லை. அதில் ஒரு கேள்வி குறைகிறது, அதற்கு விடை சொல்ல வேண்டியவர் நீர். வரும் தேன்பருவத்தில் நீரே வந்து இப்பாறையில் இறங்க வேண்டும். மேலே கயிறு பிடிக்க, குடம் நிறைந்த கோடனும் குடம் ஒழிந்த இளம்பூதனும் நிற்பார்கள். ஒருவரைத் தேர்ந்துகொள்ளும்.

கையை வெட்டச் சொன்னவருக்குக் கயிறு பிடிப்பாயா என்று கோடனைத் தேவியார் கேட்டுவிட்டார். கயிறு கையில் இருக்கையில் கீழே தொங்குவது யாரென்று பார்ப்பதில்லை என்றான்.

நீர் எழுதப்போகும் பெயர் தேவியாருக்குத் தெரியும், உமக்கும் தெரியும். ஆயினும் அது உம் கைப்பட எழுதப்பட்டு, உம் முத்திரையோடு, எல்லா நாட்டு அளவையர் முன்னும் உரக்க வாசிக்கப்பட்டு வருக. மறுமொழி வரும்வரை இருட்குடம் எங்கும் எடுக்கப்படாது.

நாவலிலை முத்திரை இட்டோம். ஓலையைக் கட்டியிருப்பது பட்டுநூலன்று, மாசி தொங்கிய கயிற்றின் ஒரு புரி. அவிழ்க்குமுன் இழுத்துப் பாரும்.