யார் கூப்பிட்டாலும் பேசாதே

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம், உன் மகள் வாலுவும் நலம், அவள் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. இந்த வரியை இரண்டு தடவை படித்து மூச்சை விட்டுக்கொண்டு அப்புறம் கீழே போ. நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதை எழுதவே கூடாது என்றாள் உன் அம்மா. தூரத்துல இருக்கிற பிள்ளைக்கு எதுக்குங்க இதெல்லாம், அவளுக்குச் சோறு இறங்காது என்று பேனாவை எடுத்து ஒளித்து வைத்துவிட்டாள். பெற்றவளிடம் மறைத்தால் எனக்குச் சோறு இறங்காது, அதனால் பக்கத்து வீட்டில் பேனா வாங்கி எழுதுகிறேன்.

வாலுவின் பிறந்த நாளுக்கு நீ அனுப்பினாயே ஒரு மாயாஜாலப் புத்தகம், படிக்கிற பிள்ளையே கதாநாயகி, பாலத்தைக் கடந்தால் இந்தப் பக்கத்துக்குப் போ, குகைக்குள் நுழைந்தால் அந்தப் பக்கத்துக்குப் போ என்று ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் போட்டிருக்குமே, அது வந்ததிலிருந்து வீட்டில் யாரும் சும்மா உட்கார முடியவில்லை. நான் எந்த வழியில் போனாலும் கடைசியில் முதலை வாயில்தான் விழுவேன், தாத்தாவுக்குப் புத்தி பத்தலை என்று விழுந்து விழுந்து சிரிப்பாள். உன் அம்மாவோ நான் பாலத்துக்கும் வரலை குகைக்கும் வரலை, வீட்டுலயே இருக்கேன், அதுக்கு எந்தப் பக்கம்னு பாரு என்பாள். அப்படிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

போன மாதம் ஒரு நாள் உன் அம்மா முட்டிவலிக்கு டாக்டரைப் பார்க்கப் போனதால் வாலு பள்ளிக்கூடம் விட்டு நேரே என்னுடைய சலவைக்கூடத்துக்கு வந்துவிட்டாள். நீ சின்னப் பிள்ளையில் பார்த்த பழைய கூடம் இல்லை இது, ஆஸ்பத்திரி விரிப்பும் விடுதி விரிப்பும் மலைமலையாக வந்து இறங்கும், எல்லா மெஷினும் ஓடும்போது காதுக்குள் கத்தினால்தான் பக்கத்து ஆளுக்குக் கேட்கும். துணி மடிக்கும் மேசைக்கு அடியில் புத்தகத்தோடு அவளை உட்காரவைத்தேன், மெஷின் பக்கம் வரக் கூடாது என்று சொல்லித்தான் வைத்தேன். நான் டிரையரில் ஈர விரிப்புகளைப் பாதி திணித்துவிட்டு அடுத்த தள்ளுவண்டியை இழுத்துவரப் போனேன், வந்து மீதியையும் அள்ளிப் போட்டுக் கதவைச் சாத்தினேன், பொத்தானில் விரலை வைத்துவிட்டேன் கண்ணு. அந்த நேரம் துணி மடிக்கிற அம்மா ஓடிவந்து என் சட்டையைப் பிடித்து இழுத்து, அண்ணே புள்ளையைக் காணோம் என்று கத்தினாள். விரலை எடுத்துவிட்டேன்.

மெயின் சுவிட்சை அணைத்தோம். அந்தக் கூடம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. எல்லோரும் வாலு வாலு என்று கூப்பிட்டோம், பதில் இல்லை. மூட்டைகளைப் பிரித்தோம், கழிவறையைப் பார்த்தோம், டிரையர்களைக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தேன், வெள்ளைத் துணிதான் தெரிந்தது. சற்று முன் துணி ஏற்றிப் போன வண்டி நினைவுக்கு வந்தது, மேலாளர் போன் போட்டதும் டிரைவர் தம்பி வண்டியை ஓரங்கட்டி ஒவ்வொரு மூட்டையாக அவிழ்த்துப் பார்த்துவிட்டு இங்கே இல்லை சார் என்று சொல்லிவிட்டான். நான் வெட்கத்தை விட்டு ஓவென்று அழுதுவிட்டேன். அப்போதுதான் அந்த அம்மா மேசைக்கு அடியில் கவிழ்ந்து கிடந்த புத்தகத்தை எடுத்து, திறந்திருந்த பக்கத்தைப் படித்தாள். மந்திரவாதி உனக்குப் பிரியமானவர்களின் குரலில் கூப்பிடுவான், கெஞ்சுவான், அழுவான், பதில் சொன்னால் அகப்படுவாய், குகைக்குள் ஒளிந்துகொள், யார் கூப்பிட்டாலும் பேசாதே.

நான் கூப்பிடக் கூப்பிட அவள் இன்னும் உள்ளே உள்ளே ஒடுங்கிக்கொண்டிருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது. யாரும் கூப்பிடாதீங்க என்று கையெடுத்துக் கும்பிட்டேன். பிறகு ஒருவரும் வாய் திறக்காமல் ஒவ்வொரு மெஷினாகத் துணியை வெளியே இழுத்துப் போட்டோம். நான் பொத்தானில் விரல் வைத்த அதே டிரையரின் அடியில், ஈர விரிப்புகளுக்குப் பின்னால், முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னை யாரோ வேற்று ஆளைப் போலப் பார்த்தாள். மெல்லக் கையை நீட்டி என் கன்னத்துத் தாடி முள்ளைத் தடவிப் பார்த்துவிட்டு, தாத்தா, நிஜமா நீங்கதானா என்றாள்.

வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு, தாத்தா அழுதது கேட்கலையாடா என்று கேட்டேன். கேட்டுச்சு தாத்தா, மந்திரவாதி நல்லா நடிக்கிறான்னு நெனச்சேன் என்றாள். மேலாளர் என்னை இஸ்திரி பக்கம் மாற்றிவிட்டார், ஆனாலும் போகும்போதும் வரும்போதும் எல்லா டிரம்முக்குள்ளும் தலையை விட்டுப் பார்க்கிறேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று கூட இருப்பவர்கள் கேலி செய்கிறார்கள், செய்யட்டும்.

ஆனால் இப்போது எனக்கு இருக்கும் பயம் வேறு. நீ போனில் கூப்பிடும்போதெல்லாம் வயிற்றுவலி, வீட்டுப்பாடம், தூங்கிட்டா என்று நாங்கள் சொன்னதெல்லாம் பொய் கண்ணு. உன் குரல் கேட்டாலே அவள் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள். ஒரு நாள் முகம் தெரியும்படி நீ பேசினாய் அல்லவா, நீ வைத்த பிறகு திரையைத் தடவிப் பார்த்து, கண்ணாடிதான் இருக்கு என்றாள். தாத்தாவைத் தொட்டுப் பாத்தேன், பாட்டியைத் தொட்டுப் பாத்தேன், அம்மாவை எப்படித் தொட்டுப் பாக்கறது என்று கேட்டாள். நாளாக ஆக மறந்துவிடுவாள் என்கிறார் டீச்சர். அவள் எதை மறப்பாள், பயத்தையா உன்னையா என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

உன்மேல் தப்பு இல்லை, அந்தப் புத்தகத்தின்மேலும் இல்லை. பிள்ளை சமர்த்தாகச் சொன்னதைக் கேட்டாள், அவ்வளவுதான். நீ பார்த்துக்கொள்ளும் அந்தப் பெரியவரின் வீட்டாரிடம் கேட்டு எப்படியாவது விடுப்பு வாங்கிக்கொண்டு வா. வேலை ஒப்பந்தம் முடியட்டும் என்று இருந்துவிடாதே. வரும்போது வாசலில் நின்று அவளைக் கூப்பிடாதே. பேசாமல் உள்ளே வந்து அவள் கைக்கு எட்டும் தூரத்தில் உட்கார்ந்துகொள், எவ்வளவு நேரமானாலும் அவளாகத் தொடட்டும்.

குளிர் காலம், காதை மூடிக்கொண்டு வெளியே போ. மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல், ஒரேயடியாகக் கொட்டிவிடாதே. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். டிக்கெட் போட்டதும் எங்களிடம் மட்டும் சொல், வாலுவிடம் நாங்கள் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அப்பா