மதியம் மூன்று மணி பேட்ச்

ஜூன் 10, செவ்வாய்

வெயில். மணலி ஆலைப் பக்கக் காற்று வேறு. கொடியில் காய்ந்த துணி முழுக்கப் புகை நாற்றம்.

காலையில் இறால் கம்பெனி. ஐஸ் பெட்டியைத் தூக்க ஆண் ஆள் வரும்வரை காத்திருக்கவில்லை. நானே தூக்கி வைத்தேன். சூப்பர்வைசர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

மூன்று மணிக்கு ஜிம். டயர் கடை மாடி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அடுப்புக்குள் இருப்பது மாதிரி. எந்த ஆணும் வராத நேரம் என்பதால்தான் பாபு மாஸ்டர் அதைப் பெண்களுக்கு ஒதுக்கினார். இருக்கட்டும்.

மும்தாஜ் அக்கா இன்று அறுபது கிலோ பாரைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்ந்து நின்றார்! ஐம்பது தாண்டியவர். வண்ணாரப்பேட்டையில் லுங்கிக் கடை. முட்டி வலிக்கு டாக்டர் சொல்லி வந்தவர். பார் இறங்கிய சத்தத்தில் டயர் கடைக்காரர் கீழிருந்து கத்தினார். "இன்னாம்மா, வூட்ட இடிக்கிறீங்களா?" அக்கா சிரித்த சிரிப்பு இன்னும் காதில்.

வாங்க வேண்டியவை: முட்டை, தைலம், அந்தோணிக்குச் செருப்பு.

ஜூன் 11, புதன்

பயம் இல்லை, கோபம்.

வீட்டுக்காரர் அந்தோணி துறைமுக வேலையிலிருந்து வந்ததும் போனை நீட்டினார். கிரேன் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ. அக்காவும் நானும். பின்னாலிருந்து எடுத்தது. நாங்கள் குனியும் இடம் மட்டும், திரும்பத் திரும்ப. குத்துப் பாட்டு. 'ஆன்ட்டிங்க லாரி இழுக்கப் போறாங்க' என்று எழுத்து. கீழே வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகள்.

"இது உனக்குத் தேவையா ஸ்டெல்லா? நாளைக்கு யார்டுல நான் எப்டி மூஞ்சியக் காட்றது?"

"எடுத்தவன் யாருன்னு கேட்டியா நீ?" கோபம் வந்தால் எனக்கு 'நீ'தான்.

"எவனா இருந்தா இன்னா? நீ போனதாலதான எடுத்தான்?"

என்ன பேச்சு! நான் குனிந்ததுதான் குற்றம். சோறு போட்டேன்.

வீடியோவை மறுபடி பார்த்தேன். சுவர்க் கண்ணாடியில், போனும் கையுமாக, எடுத்தவனே தெரிகிறான். தினேஷ். சாயங்கால பேட்ச். தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டேன் என்று நேற்று எங்கள் நேரத்தில் வந்தானே, அவன்.

ஜூன் 12, வியாழன்

மாஸ்டரிடம் காட்டினேன். தலையைச் சொறிந்தார்.

"தப்புதான் மேடம். ஆனா ஏரியா பையன். அவன வெளிய அனுப்னா கூட பத்து பேரு போய்டுவான். பேஜாரு வேணாம். லேடீஸ் பேட்ச கொஞ்ச நாள் நிறுத்திக்கலாம்."

எடுத்தவன் வரலாம். எடுக்கப்பட்டவர்கள் வீட்டில் உட்கார வேண்டும். இதற்குப் பெயர் பேஜாரு இல்லாமல் இருப்பது!

"நிறுத்தணும்னா அவன நிறுத்து மாஸ்டர்." அவ்வளவு சத்தமாக நான் யாரிடமும் பேசியதில்லை. மாஸ்டர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அங்கிருந்து நேராகத் தண்டையார்பேட்டை, அக்கா வீடு. படியேறும்போது ஒரே யோசனை. என் வீட்டிலேயே அப்படி என்றால் அங்கே என்ன நடக்கிறதோ. அக்காவின் வீட்டுக்காரர் பாய்தான் கதவைத் திறந்தார். வீடியோ அவருக்கும் வந்திருந்தது.

"அழுதுகினு இருப்பான்னு நெனச்சியாம்மா? உள்ள போய்ப் பாரு, மாவு பெசஞ்சிகினு கீறா. மாவுதான் பாவம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அவன் பேர மட்டும் சொல்லு."

அடுப்படியிலிருந்து அக்கா: "நீங்க சும்மா இருங்க. தூக்குனது நாங்க. நாங்களே கேட்டுக்கறோம்."

ஜூன் 14, சனி

போனோம். சாயங்காலம், ஆண்கள் நிறைந்திருக்கும் நேரம். எங்கள் பேட்ச்சில் எல்லோரும். மாஸ்டர் "மேடம், மேடம்" என்று குறுக்கே வந்தார். அக்கா அவரைச் சுற்றிக்கொண்டு போனார். புர்காவைக் கழற்றி மடித்து பெஞ்சில் வைத்தார். உள்ளே நீளச் சட்டை, தலையில் துணி. நான் பாரில் பிளேட் மாட்டினேன். தினேஷ் மூலையில், கையில் போன்.

"தம்பி, எடு," என்றார் அக்கா. "பின்னாடி வேணாம். இப்டி முன்னாடி வா. மூஞ்சி தெரியணும். பேரும் போடு. மும்தாஜ், லுங்கிக் கடை."

யாரோ பாட்டை நிறுத்தினார்கள்.

"சும்மா ஜாலிக்குத்தான் ஆன்ட்டி..."

"யாருக்கு ஜாலி?"

அக்கா குனிந்தார். முட்டிக்கு மேல் பார் ஒரு கணம் நின்றுவிட்டது. என் மூச்சும். பிறகு ஏறியது. நிமிர்ந்து, பாரைக் கையில் பிடித்தபடியே அவனைப் பார்த்தார். அவன் தலை குனிந்த பிறகுதான் இறக்கினார்.

"அழி," என்றேன் நான். அழித்தான். "அனுப்புன குரூப்ல தப்புன்னு எழுது." முழித்தான். பெஞ்சில் படுத்திருந்த ஒரு பெரியவர், "எழுதுடா," என்றார். எழுதினான். 'மண்ணிப்பு' என்று போட்டிருந்தான். அதையும் திருத்த வைத்தேன்.

எத்தனை போன்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதோ. ஓடும். தெரியும்.

ஜூன் 16, திங்கள்

லேசான தூறல், பிறகு புழுக்கம். முட்டை வாங்கியாயிற்று. செருப்பு இல்லை.

பேட்ச் நிற்காதாம். போனை வாசலிலேயே வைத்துவிட வேண்டுமாம், எல்லோரும். மாஸ்டர் சொல்கிறார்: "உங்க நல்லதுக்குத்தான் மேடம் அன்னிக்கு அப்டி சொன்னேன்." எங்கள் நல்லது! சாயங்கால நேரம் எங்களுக்கும் வேண்டும் என்றேன். ஜென்ட்ஸைக் கேட்டுச் சொல்கிறாராம். கேட்க வேண்டாம், நாளைக்கே வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சாப்பிடும்போது அந்தோணி, தட்டைப் பார்த்தபடி: "யார்டுல ஒருத்தன் இன்னிக்கும் அந்த வீடியோவப் போட்டு சிரிச்சான்."

"நீ இன்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"நாளைக்கு சொல்லு."