மிஸ்டு கால் கொடுக்காத ஞாயிற்றுக்கிழமை

விஸ்வநத்தம்,
ஆனி 18, செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் பானுப்பிரியாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, ஆடு இரண்டும் சுகம், அங்கே டெல்லியில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு சுகமாய் இருக்க வேண்டும் என்று மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு இதை எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் மிஸ்டு கால் கொடுக்கவில்லை என்று நீ பதறிப்போய் ஏழு தடவை கூப்பிட்டு, கடைசியில் பக்கத்து வீட்டுச் சொர்ணலட்சுமிக்கு அடித்துக் கதவைத் தட்ட வைத்தாய். நான் எழுந்து வந்து நல்லாத்தான் இருக்கேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். நடந்ததைப் போனில் சொன்னால் நீ நர்ஸ் வேலை பார்க்கிறவள், பாதியிலேயே சத்தம் போடுவாய், எனக்கும் சொல்ல வந்தது நின்றுபோகும். அதனால்தான் கடிதம். யாரையாவது இதைப் போனில் படம் பிடித்து அனுப்பச் சொன்னால் தெருவே படிக்கும், ஒரு வாரம் ஆனாலும் தபாலில் உன் கைக்கே வரட்டும். ஐந்தாவதோடு நின்ற கையெழுத்து, பார்த்துப் படித்துக்கொள்.

உன் அப்பா போய், பதினாறு முடிந்து நீ ரயில் ஏறினதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை பானு. நீ கேட்கும்போதெல்லாம் நன்றாகத் தூங்குகிறேன் என்று சொன்னது பொய். கண்ணை மூடினால் யாரோ உலுக்கின மாதிரி எழுந்து உட்கார்ந்துவிடுவேன். போன மாதம் சளி பிடித்தபோது மெடிக்கலில் தும்மலுக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள், அன்றைக்கு அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன். சளி போன பிறகும் ஒரு அட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். தூக்க மாத்திரை என்று கேட்டால்தானே சீட்டு கேட்கிறார்கள், தும்மல் என்றால் ஒன்றும் கேட்கவில்லை. பாதி போட்டுப் பார்த்தேன், பிரயோசனம் இல்லை. முழுசாய்ப் போட்டேன், சாப்பாட்டுக்கு முன்னால் போட்டேன், பின்னால் போட்டேன். பாதிக்குப் பாதி வட்டம், முழுசுக்கு முழு வட்டம் என்று காலண்டரில் பென்சிலால் குறித்தும் வைத்தேன், எல்லாம் கணக்காய்ச் செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். தூக்கம் வந்தது, ஆனால் மறுநாள் பத்து மணி வரை தலை நனைந்த சாக்கு மாதிரி கனத்துக் கிடக்கும். திட்டு, நான் செய்தது திட்ட வேண்டிய காரியம்தான்.

பட்டாசுக் கம்பெனியில் தரைச் சக்கரத்துக்குத் திரி வைக்கிற அறையில் எனக்கு வேலை என்று உனக்குத் தெரியும், நாலு பேர் உட்கார்ந்திருப்போம். ஒரு நாள் காலையில் திரியைக் கையில் வைத்தபடியே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டேன். போர்மேன் பெத்தணன் வந்து பார்த்து, சத்தம் போடாமல் கையைப் பிடித்து வெளியே வேப்ப மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு வந்தபிறகுதான் பேசினார். தூக்கம் வந்தா வீட்டுல தூங்கு சண்முகத்தாயி, இங்கன இருக்கிற மருந்து நீ முழிக்கிற வரைக்கும் காத்துக் கெடக்காது, இன்னொருக்கா கண்ணு சொருகிச்சுன்னா கேட்டுக்கு வெளியதான் என்றார். அன்றிலிருந்து என்னை லேபிள் ஒட்டப் போட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து அட்டையை எண்ணினேன், முந்தின நாள் இருந்ததற்கு மூன்று குறைந்திருந்தது. ஒன்று போட்டது நினைவிருக்கிறது, மற்ற இரண்டும் எப்போது விழுங்கினேன் என்று சத்தியமாய்த் தெரியவில்லை. அந்த அறையில் என்னோடு இருந்த மூன்று பேருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் பானு. அன்றைக்கே சொர்ணலட்சுமியிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

அவள் அட்டையைப் பிடுங்கிக்கொண்டாள். மதினி, இது இனிமே என் வீட்டுல இருக்கட்டும், சாயங்காலம் ஒண்ணு நானே கொண்டாந்து தாரேன், முழுங்குறீகளான்னு பாத்துட்டுத்தான் போவேன் என்றாள். சொன்னபடியே தினமும் வந்தாள். உள்ளங்கையில் மாத்திரையை வைப்பாள், எது என்றுகூடப் பார்க்காமல் நான் விழுங்கினதும் வாயைத் திறந்து காட்டச் சொல்வாள், பிறகும் போகாமல் பேசிக்கொண்டு உட்காருவாள். பெத்தணன் மீசைக்கு மட்டும் மை பூசிக்கொண்டு வருவதைப் பற்றி ஒரு நாள் முழுக்கச் சிரித்தோம். மூன்றாம் நாள் நான் யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். உன்னிடமும் இப்போது சொல்கிறேன்.

அப்பா கடைசியாய்த் தண்ணீர் கேட்டார், என் கையால் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனார் என்று உன்னிடமும் வந்தவர்களிடமும் சொன்னேனே, அது நடக்கவில்லை. அவர் எப்போது போனார் என்றே எனக்குத் தெரியாது. சீசன் வேலை, உடம்பு அசதி, ஒரே பாயில் படுத்துத் தூங்கிவிட்டேன். விடிந்து எழுப்பினபோது அவர் கை சில்லிட்டிருந்தது. பக்கத்தில் கிடந்தும் தெரியாமல் தூங்கினவள் என்று சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பிறகு தூக்கம் என்றாலே எனக்குப் பயம். விடிந்ததும் உனக்கு மிஸ்டு கால் கொடுத்து, நீ திருப்பி ஒரு ரிங் விட்டபிறகுதான் அடுப்பைப் பற்ற வைப்பேன், அதுவும் இதனால்தான். சொர்ணலட்சுமி நகர்ந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு, அண்ணன் உறக்கத்துலயே போயிட்டாருன்னு டாக்டரே சொன்னாரே மதினி, அவருக்கே தெரியாதது ஒங்களுக்கு எப்படித் தெரியும், நாள் முழுக்க உழைச்சுட்டு வந்தவக தூங்காம என்ன செய்வாக என்றாள். அன்று நிறைய அழுதேன். பிறகு தூங்கினேன்.

அடுத்த நாளும் தூங்கினேன், அதற்கடுத்த நாளும். ஞாயிற்றுக்கிழமை நீ கதவைத் தட்ட வைக்கும்போது மணி எட்டு, வெயில் அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது. மாத்திரை வேகம் அதிகமோ என்று பயந்து நேற்றுச் சாயங்காலம் அவளிடம், ஒண்ணு தாங்கல, பாதி கொடு போதும் என்றேன். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். மதினி, அது என் மகளுக்கு வாங்கின சுண்ணாம்புச் சத்து மாத்திரை, ஒங்க அட்டை அன்னைக்கிருந்தே என் அஞ்சறைப் பெட்டிக்குள்ளதான் கெடக்கு என்றாள். எனக்குக் கோபமான கோபம், போடி என்று சொல்லிப் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது, ஒன்பது நாளாய் நானாகத்தான் தூங்கியிருக்கிறேன். நெஞ்சிலிருந்து அம்மிக்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. நேற்று ஒன்றுமே போடவில்லை, தூங்கிவிட்டேன்.

அடுத்த மாதம் யாரோ ஊருக்கு வருகிறார்கள், தூக்கத்துக்கு ஏதோ வாங்கிக் கொடுத்து விடுகிறேன் என்றாயே, அது வேண்டாம். சுண்ணாம்புச் சத்து மாத்திரை வேண்டுமானால் அனுப்பு, சொர்ணலட்சுமிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நாளைக்குப் புதன்கிழமை, ஆஸ்பத்திரியில் பிரஷரும் சுகரும் பார்க்கப் போகிறேன், மாத்திரை விழுங்கினதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்வேன். நீ ராத்திரி டூட்டி முடிந்து வந்து வெறும் வயிற்றில் படுக்காதே, தலைக்கு எண்ணெய் வை. புரட்டாசியில் அப்பாவுக்கு வருசம் வருகிறது, இப்போதே லீவு சொல்லி வை. நான் சொன்ன பொய்க்காக என்னைக் கோபித்துக்கொண்டாலும் சரி, வந்து கோபித்துக்கொள்.

நீ தீர்க்காயுசாய், நோய் நொடி அண்டாமல் இருக்க அப்பா மேலிருந்து பார்த்துக்கொள்வார். இனி ஒரு காலையில் மிஸ்டு கால் வரவில்லை என்றால் பதறாதே. எட்டு மணி வரை பொறு, அம்மா தூங்குகிறாள் என்று நினைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா,
செ. சண்முகத்தாய்