கிட்டாருக்கு நீ சுற்றிய கம்பி

இன்று காலை தபால்காரர் ஒரு பார்சலைக் கொடுத்துவிட்டுப் போனார். பிரித்ததும் அரக்கு வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. வைக்கோலுக்கு நடுவே, மெழுகுத் தாளில் சுற்றி, என் எலெக்ட்ரிக் கிட்டாருக்கு உரிய காந்தமும் கம்பிச்சுருளும் இருந்தன. "அடுத்த கப்பலில் வந்துவிடும்" என்று மதராஸ் கடைக்காரர் அன்றைக்கு அடித்துச் சொன்னாரே, அதே சாமான். நான் கேட்டது யுத்தம் முடிந்த மறுவருஷம், பழையது கெட்டுப்போன அன்றைக்கு. வந்து சேர்ந்திருப்பது, நீ காய்ச்சலில் போய்ச்சேர்ந்து ஒரு தீபாவளியும் கழிந்த பிறகு. வந்த ஆத்திரத்தில் பெட்டியைத் தூக்கி வாசலில் எறிந்திருப்பேன். யாரிடம் கத்துவது? எவ்வளவு கத்தினாலும் கோபித்துக்கொள்ளாத ஆள் எனக்கு நீ ஒருவன்தான் இருந்தாய். அதனால் உன்னிடமே கத்துகிறேன், கேட்டுக்கொள்.

பழைய சுருள் செத்துப்போன வாரம் உனக்கு மறந்திருக்காது. மடியில் படுக்கவைத்து, இரும்புத் துண்டால் தேய்த்து வாசிக்கிற கிட்டார் அது. தந்திக்கு அடியில் ஒரு காந்தம், அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செப்புக்கம்பி. தந்தியின் அதிர்வைக் கேட்டு ஒலிபெருக்கிக்கு அனுப்புகிற காது அதுதான். கம்பி பச்சைக் களிம்பு பிடித்து அற்றுப்போனதும் கிட்டார் வெறும் பலகையாகிவிட்டது. சேலத்துச் சினிமாக் கம்பெனியில் என்னைச் சேர்த்துக்கொண்டிருந்த இசைக்குழு மாஸ்டர், வெள்ளிக்கிழமை பாட்டுப் பதிவு, அதற்குள் சத்தம் வராவிட்டால் பிடில்காரரை வைத்துக்கொள்வேன், அப்புறம் இந்தப் பக்கம் வரவே வேண்டாம் என்று என்னிடம் சொல்லிவிட்டார். மல்லசமுத்திரத்தில் என் அப்பாவோ கூத்தாடியது போதும், கடலைக்காய் பிடுங்க வா என்று ஆள்மேல் ஆள் விட்டுக்கொண்டிருந்தார். அந்த வெள்ளிக்கிழமை தவறினால் நான் கடலைக்காட்டுக்குத்தான் போகவேண்டும். கிட்டாரைப் பரணில் போட்டுவிட வேண்டியதுதான்.

அந்த வாரம் நான் அலைந்த அலைச்சல் இருக்கிறதே! விசிறி மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறவரிடம் இருந்த கம்பி என் தந்தியைவிடத் தடிமன். மணிக்கூண்டு ரிப்பேர் செய்கிறவர் அரைநாள் புரட்டிப் பார்த்துவிட்டு, இது எதற்கு, பேசாமல் வீணை கற்றுக்கொள்ளுங்களேன் என்றார். செவ்வாய்ப்பேட்டை ரேடியோக்காரரிடம் மட்டும் மிலிட்டரி ஏலத்தில் எடுத்த மெல்லிய கம்பி ஒரு கண்டு இருந்தது. "கம்பி இருக்குதுங்க. சுத்தறதுக்குத்தான் கை வேணுமுங்க" என்று என் கையில் வைத்தார். அப்போதுதான் நீ நினைவுக்கு வந்தாய். திருச்செங்கோட்டு ஹாஸ்டலில் என் பக்கத்துப் பாயில் படுத்திருந்தவன், குமாரபாளையத்தில் தறியும் ராட்டையுமாக இருக்கிறவன்.

நான் அட்டையில் வரைந்து கொடுத்ததை நீ ஒப்புக்கொள்ளவே இல்லை. மூலை கூராக இருந்தால் கம்பி அறுந்துவிடும் என்று சொல்லி, மூங்கிலைச் சீவி, மூலையை மழுக்கி, உன் இஷ்டத்துக்கு ஒரு கட்டை செய்து ராட்டையில் மாட்டினாய். அது சரிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் என்னை ஏன் விரட்டினாய்? "பக்கத்துல நின்னு மூச்சு உடாத, கம்பி ஆடுது. போயி ஆத்துல குளிச்சுட்டு வா" என்றாய். நானும் மடையன் மாதிரி காவேரியில் முங்கி எழுந்து வந்தேன். வந்து பார்த்தால் சுருள் தயாராக இருந்தது. தறிக்குச் சுற்றிவைத்த பட்டுத் தார் மாதிரி வழுவழுவென்று, ஒரு பிசிறு இல்லாமல். உன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டேனே, இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

சேலத்துக்குக் கொண்டுபோய் மாட்டிப் பார்த்தேன். ஒரு முனகல்கூட இல்லை. ரேடியோக்காரர் சோதித்துவிட்டு, உள்ளே எங்கோ அறுந்து கிடக்கிறது, மின்சாரம் பாயவில்லை என்று கையை விரித்தார். அடுத்த பஸ்ஸில் குமாரபாளையத்துக்குத் திரும்பி வந்தேன். நீ தறிக்குழியில் உட்கார்ந்து சாவகாசமாக நெய்துகொண்டிருந்தாய்.

"சுத்தறப்போ கம்பி எங்கியாச்சும் அந்துச்சா?" என்று கேட்டேன்.

"அந்துச்சு. பிணைச்சுட்டேன்."

"எத்தனை எடத்துல?"

"அதையெல்லாம் எவன் எண்ணுவான்? தடவிப் பாரு, ஒரு எடத்துலயாச்சும் கைக்குத் தட்டுப்படுதா?"

பெருமை வேறு! கம்பியின் மேலே அரக்கு பூசியிருக்கிறது, அதைச் சுரண்டிவிட்டு ஈயம் வைத்தால்தான் மின்சாரம் பாயும், நூல் மாதிரி முடிச்சுப் போட்டால் அரக்கும் அரக்கும்தான் ஒட்டும் என்று தொண்டை கிழியக் கத்தினேன். தெருவே எட்டிப் பார்த்தது. நீ ஊடைநூல் ஓட்டுகிற நாடாவைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாய்: "பிணைச்சது தெரியப்படாதுன்னுதானப்பா எங்களை அடிச்சு அடிச்சுப் பழக்குனாங்க. நீயானா தெரியோணுங்கறே."

உன்னையும் ராட்டையையும் பஸ்ஸில் ஏற்றி ரேடியோக் கடைக்கு இழுத்துவந்தேன். சுற்றியதை முழுக்கப் பிரித்தோம். நீ போட்ட முடிச்சு உனக்கே அகப்படவில்லை. கண்ணுக்குத் தெரியாது, நகத்துக்கும் சிக்காது. கைத்திறமை இருக்கவேண்டியதுதான், அதற்காக இப்படியா! விரல் விரலாகக் கம்பியை உருவி, கிடைத்த இடத்தையெல்லாம் சுரண்டி, ஈயம் வைத்து, தாள் சுற்றி, மறுபடி சுற்றி முடித்தோம். சத்தம் வந்தது. ஆனால் ஈயமும் தாளுமாகச் சேர்ந்து சுருள் பூசணிக்காய் மாதிரி உப்பிவிட்டது. தந்திக்கு அடியில் அதற்கென்று இருந்த குழியில் இறங்கவே இல்லை. விடிந்தால் வெள்ளிக்கிழமை, வேறு கம்பியும் கிடையாது. தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். காந்தத்தோடு சேர்த்துத் தந்திக்கு மேலே பிடித்துக்கொண்டாலும் கேட்கும், ஆனால் பிடிக்க ஒரு ஆள் வேண்டும் என்றார் ரேடியோக்காரர். "நான் வாரேன்" என்றாய் நீ.

பதிவு அறையில் இரைச்சல் விழும் என்று விசிறியை நிறுத்திவிடுவார்கள். ஜன்னலும் கிடையாது. என் மடிமேல் கிட்டார், அதன்மேல் குனிந்தபடி நீ, விரல்கடை உயரத்தில் சுருளைப் பிடித்துக்கொண்டு. கை இறங்கினால் தந்தியில் இடித்துக் கரகரக்கும். ஏறினால் சத்தம் மங்கிவிடும். ஆடாதே, ஆடாதே என்று உன் காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒருமுறை பாடுகிற அம்மா அடியை மறந்தார். ஒருமுறை புல்லாங்குழல் முந்திக்கொண்டது. யார் தவறினாலும் முதலிலிருந்து வாசிக்கவேண்டும், நீயும் முதலிலிருந்து குனியவேண்டும். உன் வேர்வை என் கைமேல் சொட்டியது.

கடைசியில் எல்லோரும் சரியாக வாசித்த தடவை, மூன்றாம் சரணத்தில் உன் கை மெல்ல மேலே போனது. கிட்டார் தழைந்தது, தேய்ந்தது, இல்லாமலே போகப்பார்த்து, மறுபடி எழுந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. மல்லசமுத்திரத்துக் கடலைக்காடு கண்முன்னே வந்து நின்றது. பாட்டு முடிந்ததும் மாஸ்டர் நேராக என்னிடம் வந்தார்.

"மூணாவது சரணத்துல கிட்டார் அப்படியே தழைஞ்சுதே, வேணும்னு பண்ணினதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் நீ "ஆமாங்க" என்றாய்.

நன்றாயிருக்கிறது, அப்படியே இருக்கட்டும் என்றார். என் இடம் நிலைத்தது. வெளியே வந்ததும் உன்னைப் பிடிபிடியென்று பிடித்தேன், என்ன துணிச்சலில் அப்படிச் சொன்னாய் என்று. நீ முழங்கையை நீவிக்கொண்டே சொன்னாய்: "பின்ன என்னத்தைச் சொல்லறது? கை கடுத்துப்போச்சுப்பா."

பிறகு புதுக்கம்பி வாங்கி நீ சுற்றிக்கொடுத்த சுருள்தான் இன்றுவரை கிட்டாரில் இருக்கிறது. குழியில் அளவாக உட்கார்ந்திருக்கிறது, சத்தமும் குறையவில்லை. கல்யாணக் கச்சேரிக்குப் போனால் அந்தப் பாட்டைத்தான் கேட்கிறார்கள். மூன்றாம் சரணம் வந்ததும் என் சுண்டுவிரல் தானாகப் போய்ச் சத்தத்தின் திருகைக் குறைத்துவிடுகிறது. குறைக்காமல் வாசிக்கவேண்டும் என்று வீம்புக்கு உட்கார்ந்து பார்த்தேன், முடியவில்லை. குழுவுக்குப் புதிதாக வந்தவர்கள் அங்கே எதற்குத் தழைக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். அந்த இடத்தில் கை கடுக்கும் என்று சொல்கிறேன். யாருடைய கை என்று ஒருவரும் கேட்டதில்லை.