கடலுக்கு முதுகு காட்டிய கூடம்

அனுப்புநர்:
அஸ்பியோர்ன் தூஃப்தெ,
ஓய்வுபெற்ற படகுத் துணை மாலுமி,
நெஸ் சாலை 14, ஹெல்வோகன், நார்வே.

பெறுநர்:
நகராட்சித் தலைவர் அவர்கள்,
ஹெல்வோகன் நகராட்சி.

பொருள்: படகுத்துறைக் காத்திருப்புக் கூடத்தை இடிக்கும் தீர்மானத்தை நிறுத்தக் கோருதல், 1986-இல் நான் அளித்த புகாரைத் திரும்பப் பெறுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. கார் நிறுத்துமிடம் அமைப்பதற்காக மேற்படி கூடம் இடிக்கப்படும் என்று அறிவிப்புப் பலகையில் படித்தேன். ‘கட்டப்பட்ட காலத்திலேயே ஊர்மக்கள் எதிர்த்த கட்டிடம்’ என்று அதில் காரணம் காட்டப்பட்டுள்ளது. அந்த எதிர்ப்பு மனுவை எழுதியவன் நான். வீடு வீடாகச் சென்று இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வாங்கியவனும் நானே.

2. கூடத்தை வடிவமைத்த கட்டிடக் கலைஞர் குன்வோர் ரெய்னெஸ் அம்மையார், கட்டத் தொடங்குவதற்கு முந்தைய குளிர்காலத்தில் இரண்டு வாரம் எங்கள் துறையில் கம்புகளை நட்டு, சிவப்புத் துணிக் கீற்றுகளைக் கட்டி, அவை பறக்கும் திசையை நாள் முழுவதும் குறித்துக்கொண்டிருந்தார். துணி காயப்போட வந்த அம்மா என்று நாங்கள் கேலி செய்தோம். அவர் காதிலும் அது விழுந்திருக்கும்.

3. கட்டி முடித்தபோது கூடம் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கோணலாக நின்றது. உட்கார்ந்திருப்பவருக்குப் படகு வருவது தெரியாது. கதவோ முதியவர்களால் திறக்க முடியாத கனம். இவ்விரண்டுமே என் புகார். பதில் வரவில்லை.

4. 1993 நவம்பர் 9 அன்று பிற்பகல், புயலில் படகை எப்படியோ கரை சேர்த்தோம். முப்பத்தொரு பயணிகளைக் கயிற்றைப் பிடித்தபடி கூடத்துக்கு அழைத்துச் சென்றேன். மீன் ஆலையின் கூரை எங்கள் தலைக்கு மேல் பறந்து போனது. கூடத்தின் மூலையைத் திரும்பியதும் காற்று நின்றுவிட்டது. கத்தரித்தாற்போல் நின்றது. என் காது அடைத்துவிட்டதோ என்று பயந்தேன்.

உள்ளே மூன்று மணி நேரம் இருந்தோம். என் கையிலிருந்த காபியில் சிற்றலைகூட எழவில்லை. பெஞ்சில் ஒரு கைக்குழந்தை தூங்கியது. வெளியே எட்டுப் படகுக் கொட்டகைகள் போய்விட்டன என்பது பிறகுதான் தெரிந்தது. முப்பது வருடம் கடலில் இருந்தவன் நான். அன்று தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் அந்தச் சுவரைத் தொட்டேன்.

5. மூன்றாண்டுகள் கழித்து ரெய்னெஸ் அம்மையாரை ட்ரொம்சோ நகரில் சந்தித்து, புகார் எழுதியவன் நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “கதவு கனம்னு எழுதியிருந்தீங்களே, அது சரிதான். அதுக்கப்புறம் கட்டின எல்லாத்துலயும் கதவை லேசாக்கிட்டேன். முதுகைத் திருப்பினதை மட்டும் மாத்தல.” எங்கள் கூடத்துக்குப் பின் அவர் கட்டிய நூலகத்தையும் இரண்டு பள்ளிகளையும் தேடிச் சென்று பார்த்தேன். கதவுகளை ஒரு விரலால் திறந்தேன். அவர் இன்று உயிரோடு இல்லை.

6. ஆகவே என் புகாரைத் திரும்பப் பெறுகிறேன். அன்று கையெழுத்திட்டவர்களில் உயிரோடிருக்கும் ஐம்பத்தாறு பேரும் இத்துடன் ஒப்பமிட்டுள்ளனர்.

7. வாக்கெடுப்புக்கு முன், வடமேற்குக் காற்று பலமாக அடிக்கும் ஒரு நாளில், தாங்களும் மன்ற உறுப்பினர்களும் அக்கூடத்தில் பத்து நிமிடம் அமர்ந்திருக்க வேண்டுகிறேன். யாரும் பேச வேண்டாம். அதன் பிறகு தாங்கள் எடுக்கும் எந்த முடிவுக்கும் கட்டுப்படுகிறேன்.

இடம்: ஹெல்வோகன்
நாள்: 14.10.2019

பணிவுடன்,
(ஒப்பம்) அஸ்பியோர்ன் தூஃப்தெ