ஓட்டுமுன் குனிந்து பார்

மார்ச் 4

என் அருமைச் சுண்டெலிக்கு,

உன் முரட்டு அண்ணன் எழுதுவது. நான் நலம். நீ நலமா? இங்கே ஜெயிலில் சாப்பாட்டை வாயில் வைக்க வழியில்லை, ஆனால் சண்டைக்குக் குறைவில்லை. நேற்று பக்கத்துப் படுக்கைக்காரன் என் போர்வையை எடுத்துக்கொண்டான். போர்வை திரும்ப வந்துவிட்டது, அவனுக்கு முன்பல் ஒன்று குறைவு. இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் காவலர் ஐயாவுக்கு ஒரு வார்த்தை: அவன் குளியலறையில் வழுக்கி விழுந்தான்.

கொட்டகையில் என் எருமை, அந்தக் கிழட்டு ஜீப், எப்படி இருக்கிறது? அப்பா வீட்டை உனக்கும் ஜீப்பை எனக்கும் கொடுத்துவிட்டுப் போனார். உன் பங்கு ஒழுகும், என் பங்கு துருப்பிடிக்கும். இரண்டையும் சும்மா போட்டுவைக்கக் கூடாது. முன்பக்க ஸ்பிரிங் பட்டைகள் செத்துப்போயின, மாற்று. தடிமனான பட்டையாகப் போட்டு வண்டியை நன்றாக உயர்த்து. நான் வெளியே வந்ததும் பெரிய டயர் மாட்டி, மலையையே ஒரு மிதி மிதிக்கலாம்.

மூன்று விஷயம் மறக்காதே. ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் நுழையாதே, வண்டியின் இரும்புச் சட்டத்துக்குக் கீழே கட்டை அடுக்கிவிட்டு நுழை. அந்த நெட்டை ஜாக்கியை இறக்கும்போது கம்பியை விட்டுவிடாதே, விட்டால் அது துள்ளி எழுந்து உன் தாடையைப் பெயர்க்கும். எந்த வண்டியானாலும் ஓட்டுமுன் குனிந்து பார். சின்ன வயதில் நீ ஒரு போல்ட்டைத் தொலைத்தாய் என்று பதினேழு நம்பர் ஸ்பேனரை உன்மேல் எறிந்தேனே, நினைவிருக்கிறதா? அதற்குப் பிறகு நீ எதையாவது தொலைத்தாயா? அதுதான் என் பயிற்சி.

உன் புருஷன் அந்தப் பக்கம் தலைகாட்டினால் எழுது. உன் கையை ஜீப் கதவில் வைத்து அடைத்தவனுக்கு நான் ஒரு முட்டியைத்தான் உடைத்தேன். இன்னொன்று பாக்கி இருக்கிறது.

உன் அண்ணன்


மார்ச் 21

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உன் கடிதத்தின் மேல் யாரோ குழம்பு சிந்தியிருந்தார்கள். காவலர் ரசித்துப் படித்திருக்கிறார் போல.

ஸ்பிரிங் வேலையைத் தொடங்கிவிட்டேன். பட்டையைக் கவ்வியிருக்கும் யு போல்ட் ஒன்றும் அசைந்து கொடுக்கவில்லை. எண்ணெய் ஊற்றி, சூடு காட்டி, கடைசியில் சுத்தியலால் மொத்தி எடுத்தேன். வலது கையில் இரண்டு விரல் இன்னும் மடங்குவதில்லை, அதனால் இடது கையால் அடிக்கப் பழகிவிட்டேன். நீ முட்டியை உடைத்த ஜாக்கிக் கம்பியைத்தான் போலீஸ் சாட்சியமாக எடுத்துப் போய்விட்டதே. தெருமுனை வெல்டர் ஒரு பைப்பை வெட்டிக் கொடுத்தார். கொடுக்கும்போது, "இது வண்டி தூக்க மட்டும்தானே?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வது, நீயே சொல்.

உயர்த்துவதில் எனக்கு உடன்பாடில்லை. உயரம் கூடினால் வளைவில் கவிழும். பட்டை மாற்றுகிறேன், பழைய உயரத்திலேயே நிறுத்துகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

அவர் வந்தார். எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். தடி ஊன்றிக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றார். மன்னிப்புக் கேட்டார், தண்ணீர் கேட்டார், பிறகு ஜீப்பைக் கேட்டார். முட்டி போனதற்கு ஈடாம். கொடுத்துவிட்டால் இந்தப் பக்கமே வர மாட்டாராம். அண்ணன் வண்டியை நான் எப்படிக் கொடுப்பது என்று சொல்லிக் கேட்டைச் சாத்தினேன். அவர் தடியால் கேட்டை ஓங்கி அடித்தார். தகரத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். எனக்காக அடித்தேன் என்று எல்லோரிடமும் சொல்கிறாய். அன்றைக்கு, "போதும், நிறுத்து" என்று நான் தொண்டை கிழியக் கத்தியது உனக்குக் கேட்கவே இல்லை. அதை மட்டும் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்கிறாய்.

உன் தங்கை
சுண்டெலி


ஏப்ரல் 6

சுண்டெலி,

அவராம், அவர்! கையை ஒடித்தவனுக்கு மரியாதை ஒரு கேடா? இன்னொரு முறை 'அவர்' என்று எழுதினால் கடிதத்தைக் கிழித்துப்போடுவேன்.

கடிதம் படித்த கையோடு சுவரில் குத்திவிட்டேன். இரண்டு விரல்முட்டுகள் வீங்கியிருக்கின்றன, அதனால்தான் எழுத்து இப்படிக் கோணுகிறது. என் எருமையை அவனுக்கா? அவனை அதன் முன் சக்கரத்துக்கு அடியில் படுக்கவைத்து முதல் கியரில் மெதுவாக ஏற்றுவேன். ராத்திரியெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டு தூங்குகிறேன், நல்ல தூக்கம் வருகிறது.

நீ கத்தியது கேட்கவில்லை என்பது உண்மைதான். கேட்டிருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டேன். வண்டியை உயர்த்து.

அண்ணன்


மே 2

அண்ணா,

இதை உட்கார்ந்து படி. பக்கத்தில் சுவர் இல்லாத இடமாகப் பார்த்து உட்கார்.

போன ஞாயிறு காலை வண்டிக்கு அடியில் படுத்துப் பின்பக்கப் பட்டை முனையின் ரப்பர் புஷ்ஷைத் தட்டிக்கொண்டிருந்தேன். கேட் திறக்கும் சத்தம் கேட்கவில்லை. தடியும் இரண்டு செருப்பும் மட்டும் தெரிந்தன. ஜாக்கிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். ஆமாம், அவன். இனிமேல் அவன்தான்.

சிரித்த குரலில் பேசினான். எங்கள் கல்யாணத்தன்று நான் கட்டியிருந்த சேலையின் நிறத்தைச் சொன்னான். பிறகு, "கீழ எவ்வளவு இருட்டா இருக்கு, பயமா இல்ல?" என்று கேட்டான். அவன் ஜாக்கியின் விசையைக் கீழ்ப்பக்கம் தட்டிவிடுவது கேட்டது. இறக்குவதற்கான விசை அது. கம்பியை ஒரு முறை அழுத்திவிட்டுக் கையை எடுத்தான்.

வண்டி கையளவு இறங்கியது. சட்டம் என் மூக்குக்கு நேரே வந்து, கட்டைமேல் உட்கார்ந்து நின்றது. நீ சொன்னபடி கட்டை அடுக்கியிருந்தேன். அந்தக் கையளவு தூரத்துக்குள் ஜாக்கிக் கம்பி வெறிபிடித்ததுபோல் மேலும் கீழும் அடித்தது. குனிந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தவன் தாடையில் நேராகப் பட்டது. தேங்காய் உடைவதுபோல் ஒரு சத்தம். அவன் பற்கள் இரண்டு கிரீஸ் டப்பாவுக்குள் விழுந்தன.

நான் வெளியே ஊர்ந்து வந்தபோது அவன் மண்ணில் புரண்டுகொண்டிருந்தான். கீழ்த்தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது. நான்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். போலீசிடம், வேலையில் நடந்த விபத்து என்று அவனே எழுதிக் காட்டினானாம். கொல்ல வந்தேன் என்று எப்படி எழுதுவான்?

கம்பி துள்ளும் என்று நான் அவனை எச்சரித்திருக்கலாம். வாய் வரவில்லை என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். உனக்கும் அதையே சொல்கிறேன்.

கிரீஸ் டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டேன். புதியது வாங்க வேண்டும்.

உன் தங்கை


மே 19

சுண்டெலி,

இது தபாலில் வரவில்லை, கவனித்தாயா? இன்று விடுதலையாகிறவன் ஒருவன் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வருகிறான். காவலர் கண் படாத கடிதம், அதனால் மனம்விட்டு எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் பதினைந்து தடவையாவது படித்திருப்பேன். தேங்காய் உடைவதுபோல் என்று எழுதினாயே, அந்த வரியை இங்கே எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். கைதட்டினார்கள். ஆனால் என் உயிர் போய்விட்டு வந்தது. அவன் மறுபடி வருவான், அடிபட்ட நாய் சும்மா இருக்காது. நான் வெளியே வரும்வரை நீ உயிரோடிருக்க வேண்டும்.

அவன் கேட்டதைக் கொடுத்துவிடு. ஆம், ஜீப்பை. கொடுக்கும் முன் அடியில் படுத்து ஸ்டியரிங் ராடின் முனையைப் பார். பல் வெட்டிய நட்டு இருக்கும், அது கழலாமல் குறுக்கே இரட்டைக்கால் கம்பிப் பின் ஒன்று இருக்கும். பின்னை உருவு. நட்டை இரண்டு சுற்றுத் தளர்த்து. அவ்வளவுதான். நம் வீட்டுச் சரிவில் இறங்கும் குலுக்கலில் நட்டு விழும், ராடு கழலும், கல் குவாரி வளைவில் ஸ்டியரிங் வெறுமனே சுற்றும். பழைய வண்டி, யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். உன் கையில் ஒரு சொட்டு ரத்தம் படாது.

என் எருமை போனால் போகட்டும். உன்னைவிடப் பெரிதா அது?

படித்ததும் கொளுத்திவிடு.

அண்ணன்


ஜூன் 11

அண்ணா,

இதுவும் தபாலில் வரவில்லை, உன் கடிதத்தைக் கொண்டுவந்தவனே மனு போட்டு உன்னைப் பார்த்துக் கொடுப்பான். நீ சொன்னபடி செய்தேன். பின்னை உருவினேன், நட்டைத் தளர்த்தினேன். வெளியே வந்து சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு, வண்டியை எடுத்துக்கொள்ளச் சொல்லி அவனுக்கு ஆள் அனுப்பினேன்.

வந்தான். தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள், பல்லுக்கு இடையில்தான் பேச்சு வந்தது. ஓட்டும் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். நான் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டேன். கிளட்சை மிதித்தான். மிதித்தவன் ஊளையிட்டான். நீ உடைத்தது இடது முட்டி. எருமையின் கிளட்ச் எவ்வளவு கனம் என்று உனக்குத் தெரியாதா? நல்ல காலுக்கே தொடை வலிக்கும். இரண்டாம் முறை மிதித்தான், முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது. பிறகு நகர்ந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "என்னால முடியல. நீயே ஓட்டிட்டு வந்து என் வீட்ல விட்டுடு" என்றான்.

உடைத்த முட்டி எந்தப் பக்கத்து முட்டி என்று நீ நினைத்துப் பார்க்கவே இல்லை, அண்ணா. அடித்தவனுக்கு அது நினைவிருக்காது. உன் திட்டப்படி குவாரிக்குள் போக வேண்டியவள் நான்.

அவன் நீட்டிய சாவி என் கையில் இருந்தது. மறு உள்ளங்கையைப் பிரித்து அந்தப் பின்னை அவனுக்குக் காட்டினேன். இது எதிலிருந்து எடுத்தது, இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நிதானமாகச் சொன்னேன். அவன் முகம் வெளுத்தது. இறங்கினான், தடியைக்கூட எடுக்காமல், ஒரு காலை இழுத்துக்கொண்டு சரிவில் ஓடினான். நான்கு நாள் கழித்து ஆள் மூலம் சொல்லி அனுப்பினான், வண்டியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று. கோர்ட்டில் விவாகரத்துக்குக் கையெழுத்தும் போட்டுவிட்டான். எல்லாம் முடிந்தது.

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். அவன் என்னைப் பார்த்துப் பயந்தபோது எனக்கு இனித்தது. சர்க்கரையை அள்ளி வாயில் போட்டதுபோல் இனித்தது. நீங்கள் இரண்டு பேரும் எதற்காக இத்தனை வருடம் கை ஓங்கினீர்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கு அந்த ருசி வேண்டாம். அது வேண்டும் என்று வாழ்கிற ஆளும் என் வீட்டில் வேண்டாம்.

என் புருவத்தின் மேல் இருக்கும் தழும்பு அவன் கொடுத்ததல்ல. என்மேல் முதலில் ஒரு பொருளை எறிந்தவன் நீ. நீ அதை வேடிக்கையாக எழுதும்போதெல்லாம் நானும் சிரித்து வைத்தேன். இனிமேல் சிரிக்க மாட்டேன்.

உனக்கு விடுதலை தேதி முன்னதாகவே வந்துவிட்டது என்று அறிவிப்பு வந்தது. மகிழ்ச்சி, உண்மையாகவே மகிழ்ச்சி. அன்று காலை உன் எருமை சிறை வாசலில் நிற்கும். நான் நிற்க மாட்டேன். சாவி வாசல் காவலரிடம் இருக்கும். உன் துணிகளும் கருவிப்பெட்டியும் பின்னால் இருக்கின்றன. பழைய உயரத்தில்தான் இருக்கிறது, உயர்த்தவில்லை. வீட்டுக்கு வராதே. கொட்டகையில் இப்போது மற்றவர்களின் பழைய ஜீப்புகள் நிற்கின்றன, என் பிழைப்பு அதில் நடக்கிறது.

ஸ்டியரிங் ராடில் பின் போட்டிருக்கிறேனா இல்லையா என்று சொல்லப்போவதில்லை. ஓட்டுமுன் குனிந்து பார்.

தங்கை


ஜூலை 8

தங்கைக்கு,

எருமை மரத்தடியில் நின்றது. கழுவித் துடைத்திருந்தாய். சாவியைக் கொடுத்த காவலர்தான் நம் கடிதங்களைப் படித்தவர் என்று நினைக்கிறேன்.

கதவைத் திறந்து உட்கார்ந்தேன். சாவியைத் திருக முடியவில்லை. இறங்கி, ஜெயிலில் திருப்பிக் கொடுத்த நல்ல சட்டையோடு ரோட்டில் மல்லாந்து படுத்து அடியில் நுழைந்தேன். போகிற வருகிறவர்களெல்லாம் வேடிக்கை பார்த்தார்கள்.

பின் இருந்தது. புதுப் பின். இரண்டு காலையும் பிரித்து ஒழுங்காக மடக்கியிருந்தாய்.

அப்போதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. பிரேக் குழாயைத் தடவிப் பார்த்தேன். சக்கர நட்டு ஒவ்வொன்றையும் முறுக்கிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. மறுபடி உள்ளே நுழைந்து அதே பின்னைப் பார்த்தேன். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. பயந்தேன். என் தங்கை என்னைக் கொன்றுவிடுவாளோ என்று பயந்தேன். அடிக்க வருகிறவனுக்கெல்லாம் நான் பயந்ததில்லை, உனக்குப் பயந்து ரோட்டில் கிடந்தேன்.

நான் கொட்டகைக்குள் வரும்போதெல்லாம் நீ என் முகத்தைப் பார்க்க மாட்டாய், முதலில் என் கையைப் பார்ப்பாய். கையில் என்ன வைத்திருக்கிறேன் என்று பார்ப்பாய். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். உன் பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

குவாரி வளைவு வரை வந்தேன். மேலே கொட்டகையில் சுத்தியல் சத்தம் கேட்டது. இடது கை அடி, தாளம் மாறித்தான் விழுகிறது. வளைவில் வண்டி சொன்னபடி திரும்பியது, உயர்த்தாதது நல்லதுதான். அங்கேயே திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். வேறு ஊரில் ஒரு பட்டறையில் ஆள் கேட்கிறார்கள்.

பதில் எழுதச் சொல்லிக் கேட்க எனக்கு வாயில்லை. கருவிப்பெட்டியில் எல்லாம் இருக்கிறது, பதினேழு நம்பர் ஸ்பேனரை மட்டும் காணோம். நீ எடுத்து வைத்திருக்கிறாய் என்று நினைக்கிறேன். அது உன்னிடமே இருக்கட்டும்.

அண்ணன்