எங்களுக்குக் காட்டிய வீடுகள்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் எழுந்து நடமாடுகிறோம், நேரத்துக்குச் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். இதற்குச் சௌக்கியம் என்று பெயர் வைப்பதானால் சௌக்கியம்தான். நீயும் மருமகளும் அந்தக் குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன், அதில் எந்த மாற்றமும் இல்லை. வாரத்துக்கு நாலு தடவை போனில் பேசுகிறவள் புதிதாக எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று தோன்றும். போனில் நான் ஆரம்பித்தால் பாதியிலேயே அம்மா, நான் சொல்றத முதல்ல கேளுங்க என்று உள்ளே புகுந்துவிடுவாய். நீ பேச ஆரம்பித்தால் நான் இளகிவிடுவேன். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நான் முடிக்கிறவரை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நீ போன கையோடு வீடு தேட ஆரம்பித்தாய். ஆபீசில் கொடுத்த அறை ஒன்றிரண்டு மாதத்துக்குத்தான், அதற்குள் வேறு இடம் பார்த்தாக வேண்டும், அங்கே நம் இஷ்டத்துக்குப் போய்க் கதவைத் தட்டி வீடு பார்க்க முடியாது, முன்கூட்டியே நேரம் கேட்டு, எத்தனை பேர் குடியிருப்பார்கள், என்ன வேலை என்றெல்லாம் சொல்லி, அவர்கள் சரி என்றால்தான் சாவியையே எடுப்பார்கள் என்று நீ சொன்னபோது எங்களுக்கு மலைப்பாக இருந்தது. தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத ஊரில் பிள்ளை என்ன பாடுபடுகிறானோ என்று நான் அடுப்படியில் நின்று புலம்பியது அப்பாவுக்குத் தெரியும். ரெண்டு படுக்கையறை வேணும், லிஃப்ட் கண்டிப்பா இருக்கணும், அப்பாவோட முட்டிக்குப் படி ஆகாது என்று வீடு காட்டுகிற பெண்ணிடம் சொல்லியிருப்பதாக நீயாகத்தான் சொன்னாய், நாங்கள் கேட்கவில்லை. வீடு பார்க்கப் போகும்போது போனில் நீங்களும் கூடவே வாங்க, இருக்கப்போறது நீங்களும்தானே என்றாய். அதுவும் நீயாகச் சொன்னதுதான்.

உனக்குச் சாயங்காலம் என்றால் எங்களுக்குக் காலை. முதல் வீடு பார்த்த அன்று அப்பா குளித்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து போன் முன்னால் உட்கார்ந்தார். எதற்கு இந்த அலங்காரம், பெண் பார்க்கவா போகிறீர்கள் என்று கேட்டதற்கு, வீட்டுக்காரங்க பக்கத்துல நின்னா நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க, பையனுக்குத்தான் கேவலம் என்றார். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா, ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவர்தான் தெரியுமா, குழாயில் சுடுதண்ணீர் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று துளைத்தெடுத்தார். நீ சலிக்காமல் ஒவ்வொரு குழாயாகத் திறந்து காட்டினாய். எங்கள் கட்டில் அளவுக்கு ஒன்று அந்தச் சின்ன அறையில் கொள்ளுமா என்று அவர் கேட்க, நீ சுவரோரமாக அடிமேல் அடி வைத்து அளந்து, தாராளமா கொள்ளும்பா, பக்கத்துல ஒரு நாற்காலிகூட போடலாம் என்றாய். அந்த நாற்காலியை அவர் அன்று முழுக்கச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். அங்க உக்காந்து பேப்பர் படிச்சா வெளிச்சம் எடது பக்கத்துல இருந்து வரும் என்று என்னிடம் திசை வேறு காட்டினார்.

அந்த வாரமே நம் வீட்டுக்காரரிடம் போய், காலி பண்ணப்போகிறோம், பையன் கூப்பிட்டுக்கொள்கிறான் என்று சொல்லிவிட்டார். நான் கொஞ்சம் பொறுங்கள், அங்கே வீடு அமையட்டும் என்று சொல்லத்தான் சொன்னேன். திடுதிப்புன்னு கெளம்பினா அந்த மனுஷனுக்குக் கஷ்டம், இத்தனை வருஷம் நம்மளை நல்லா வெச்சிருந்தார் என்று என் வாயை அடைத்துவிட்டார். பீரோவை மாடியிலிருக்கும் தையற்காரிக்குக் கொடுத்தோம், சாப்பாட்டு மேஜையை அவள் தங்கைக்கு. இதையெல்லாம் அன்றே உன்னிடம் சொன்னோம். நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா. சற்று நேரம் சத்தமே இல்லை, லைன் போய்விட்டதோ என்று நான் ஹலோ ஹலோ என்றேன். பிறகு, ம், நல்லதுப்பா என்றாய். அந்த ஒரு ம்-முக்காக உன்னை நான் மன்னிப்பதற்கு இன்னும் நாளாகும். மற்றதையெல்லாம் ஆற்றிக்கொள்வேன். அன்றைக்கு நீ வாயைத் திறந்திருந்தால் அப்பா மறுநாள் காலையிலேயே வீட்டுக்காரரிடம் போய், தெரியாமல் சொல்லிவிட்டேன் ஐயா என்று கையைப் பிடித்துக்கொண்டிருப்பார். எங்கள் பாட்டுக்கு நாங்கள் இங்கேயே இருந்திருப்போம்.

இரண்டாவது வீடு இருட்டு என்று நாமெல்லோரும் சேர்ந்தே வேண்டாம் என்றோம். மூன்றாவது வீட்டுக்கு வருகிறேன். அதில் லிஃப்ட் பெரிதாக இருந்தது, கீழேயே மருந்துக்கடை, எதிரே மரம் வைத்த நடைபாதை. அந்தப் பெண் நனைந்த கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு, போனுக்குள் எட்டிப் பார்த்து அப்பாவுக்குக் கை அசைத்தாள். மாலை வணக்கம் என்று அவள் சொல்ல, எங்களுக்குக் காலைம்மா என்று அப்பா தமிழில் சொல்ல, அது அவளுக்குப் புரியாமலே ரெண்டு பேரும் சிரித்தார்கள். இதுதான் நம்ம வீடு என்று அப்பா அப்போதே முடிவு செய்துவிட்டார். இரு, கட்டிலை இஞ்சு டேப்பில் சரியாக அளந்து சொல்கிறேன் என்று உள்ளே போனார். நீ போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாய்.

சின்ன வயதில் உனக்கு ஒன்று சொல்லிச் சொல்லி வளர்த்தோம். பெரியவர்களோடு பேசும்போது அவர்கள் போனை வைக்காமல் நீ வைக்கக் கூடாது. நாலு பேர் உன்னை மெச்சிக்கொண்டது இந்த ஒரு பழக்கத்துக்காகத்தான். பேச்சு முடிந்தது, நாங்கள் வைத்துவிட்டோம் என்று நீ நினைத்திருப்பாய். டேப்போடு அப்பா திரும்பி வருவார் என்று நான் வைக்காமல் காத்துக்கொண்டிருந்தேன். உன் சட்டைத் துணியின் நீலம் மட்டும்தான் தெரிந்தது. சத்தம் மட்டும் பக்கத்தில் நின்று பேசுவது போலத் தெளிவாகக் கேட்டது. நாலு பேர் என்று எழுதிக்கொள்ளட்டுமா, அப்பா அம்மா எந்த மாதம் வருகிறார்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். இல்லை, ரெண்டு பேர் என்றே எழுதுங்கள், அவர்கள் வரப்போவதில்லை என்றாய். பின்னே இந்த வீடு எதற்கு என்றாள் அவள், நியாயமான கேள்வி. அவங்களுக்கு இப்படிப் பாக்கிறதுல ஒரு சந்தோஷம், இன்னும் ஒண்ணு ரெண்டு காட்டினா தானா ஆசை அடங்கிடும், உங்களை அலைய வெக்கிறதுக்கு மன்னிக்கணும், எங்களுக்கு அந்த ஒத்தப் படுக்கையறை வீட்டை வியாழக்கிழமை காட்டுங்க என்றாய். நீ பேசியது இங்கிலீஷில்தான். நான் பள்ளிக்கூட ஆபீசில் தலை நரைக்கிறவரை டைப் அடித்தவள், இந்த அளவு இங்கிலீஷ் எனக்குப் புரியும்.  பெரியவர் ரொம்ப ஆசையாகக் கேட்டாரே என்று மட்டும் அந்தப் பெண் சொன்னாள். யாரோ எவளோ, அவளுக்கு உறுத்தியிருக்கிறது.

நான் திரும்பிப் பார்த்தபோது அப்பா டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றிருந்தார். அவருக்கும் அந்த அளவு இங்கிலீஷ் புரியும், அவரிடம் எதையும் மறைக்க எனக்கு வழியில்லாமல் போனது. டேப்பை மெதுவாகச் சுற்றி முன்பு மேஜை இருந்த இடத்தில் வைக்கப் போய், மேஜை இல்லை என்று உணர்ந்து, ஜன்னல் கட்டையில் வைத்தார். போனை அவர்தான் வைத்தார். சட்டையைக் கழற்றி மடித்தார். ரெண்டு நாள் கழித்து நீ கூப்பிட்டு, அந்த வீடு கை நழுவிப் போச்சுப்பா, வேற யாரோ முந்திக்கிட்டாங்க என்று முகத்தைத் தொங்கப்போட்டாய். பரவாயில்லப்பா, இதவிட நல்லதா அமையும், நீ மனசைப் போட்டுக் குழப்பிக்காத என்று அவர் உனக்குத் தேறுதல் சொன்னார். நான் எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அடுத்த வாரம் நீ நாலாவது வீட்டைக் காட்டியபோது அதே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து, சுடுதண்ணி உடனே வருதா என்று கேட்டார் பார், அதை என்னால் தாங்க முடியவில்லை. ஏன் இந்த வேஷம் என்று சண்டை போட்டேன். நமக்காக அவன் இவ்வளவு மெனக்கெடறான், நாம பாக்கலேன்னா அவனுக்குச் சங்கடமாயிடும் என்கிறார். நடிப்பதில் நீ அவருடைய பிள்ளைதான், சந்தேகமே வேண்டாம்.

மருமகள்தான் வேண்டாம் என்றாள் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்காதே. அவள் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, நான் கேட்டது உன் குரலை. எங்களைக் கூப்பிட்டுக்கொள்ள முடியவில்லை என்பதற்காக நான் கோபப்படவில்லை. உன் சம்பளம் அங்கே எந்த மூலைக்கு என்று எனக்கே ஒரு கணக்கு உண்டு. முகத்தில் அடித்தாற்போல் சொல்லியிருந்தால் பத்து நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்போம், பிறகு சரியாகிவிடும். நீ எங்களை அழ வைக்கப் பயந்து விளையாட்டுக் காட்டினாய், குழந்தைகளுக்குக் காட்டுவார்களே அந்த மாதிரி. அதுதான் பொறுக்கவில்லை.

இப்போது நாங்கள் இங்கே வீடு பார்க்கிறோம். நம் வீட்டை ஒரு குடும்பம் வந்து பார்த்து முடித்துவிட்டார்கள். நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மாள் படுக்கையறைச் சுவரைத் தட்டிப் பார்த்து, மருந்து வாடை அடிக்குதே, வெள்ளை அடிச்சாப் போயிடுமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டாள். அடுத்த மாதக் கடைசிக்குள் நாங்கள் கிளம்ப வேண்டும். தரகர் காட்டிய முதல் இடத்தில் எங்களை வாசலிலேயே ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வயசானவங்களுக்கு விடறதில்லை என்று கதவைச் சாத்திவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் உள்ளே விட்டார்கள், தண்ணீர்கூடக் கொடுத்தார்கள், நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் வந்து நிப்பாங்க என்று தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் கேட்டும்விட்டார்கள். ஐயா தலைக்குக் கொஞ்சம் கறுப்பு அடிச்சுக்கிட்டா நல்லாயிருக்கும் என்கிறார் தரகர். அப்பா அதைச் செய்யவில்லை, ஆனால் கைத்தடியை ஆட்டோவிலேயே வைத்துவிட்டு, நான் பார்க்காத மாதிரி சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து போய் வீடு பார்த்தார். நீ அளந்து காட்டிய அறைகளில் ஒன்றில்கூட அவர் இப்படி நடந்திருக்க வேண்டியதில்லை.

ஒரு வீடு மட்டும் கை கூடும் போல இருக்கிறது. தரைத்தளம், காற்று வருகிறது, குளியலறையில் கம்பிகூட வைத்துக்கொள்ளலாம் என்றார் வீட்டுக்காரர், முன்பு மருந்துக்கடை வைத்திருந்தவர். அவருக்கும் அதே பயம்தான். நாங்கள் இங்கேயே கிடந்து படுக்கையில் விழுந்துவிட்டால் தன் தலையில் விடியும் என்று நினைக்கிறார். தரகர் முந்திரிக்கொட்டையாக, பையன் வெளிநாட்டுல இருக்கார், ஒரு வருஷத்துல கூட்டிட்டுப் போயிடுவார் என்று சொல்லிவிட்டார். அதை உங்க பையன் வாயால சொல்லட்டும், வீடு உங்களுக்குத்தான் என்கிறார் அவர். அப்பா உன்னிடம் இதைக் கேட்க மாட்டார். அவருக்கு நீ இன்னும் வீடு தேடிக்கொண்டிருக்கிற பிள்ளை. அதனால் நான் கேட்கிறேன்.

ஒற்றைப் படுக்கையறை வீடு முடிவாகிவிட்டதா என்று தெரியவில்லை. முடிவாகவில்லை என்றால் மழை பெய்கிற நாளில் போய் ஒரு தடவை பார், சுவர் மூலையில் கை வைத்துப் பார், ஈரம் இருந்தால் மருமகளுக்கு இருமல் வந்துவிடும். வெளியே போகும்போது காதை மூடிக்கொள். எங்களுக்காக இனி எந்த வீட்டையும் காட்டாதே, பாவம் அந்தப் பெண்ணை அலைய விடாதே. நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக, குறைவில்லாமல் இருக்க வேண்டும். இதை மனதாரத்தான் எழுதுகிறேன். என் வாயிலிருந்து உனக்குக் கெட்டது வராது, வரவழைக்கப் பார்த்தும் வரவில்லை.

கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்காரர் உன்னைக் கூப்பிடுவார். எங்களிடம் சொன்னதையே அவரிடமும் சொல். ரெண்டு படுக்கையறை, லிஃப்ட் இருக்கிற வீடாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அமைந்ததும் அப்பா அம்மாவைக் கூப்பிட்டுக்கொள்வேன் என்று சொல். என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டியதில்லை, குரலும் தடுமாறாது. நாங்களே நம்பினோம். அவரும் நம்பிவிடுவார்.

இப்படிக்கு,
உன் அம்மா